அம்மா வரமாட்டாங்க

ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, வளர்ந்த மகன் ஒருவன் தன் தாயிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத் தானே விடையளித்துவிட்டு, அச்செய்தியைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவளிடம் தெரிவித்தான். இது அநீதி. இதற்கு இதைவிட மென்மையான சொல்லைத் தேடுவது வீண்வேலை.

"நேத்து நீ கீழ போயிருந்தப்ப நீ பாடம் நடத்தப் போன அந்த ஊர்லேருந்து உன் போனுக்குக் கூப்பிட்டாங்க. அம்மா வரமாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

அம்மா கூடத்தின் வாயிலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கழுத்துப்பட்டையில் ஏற்கெனவே இருந்த மடிப்பின்மேல் அவன் இன்னொரு மடிப்பை ஏற்றுவதை அவள் கண்கள் கண்டன, கைகள் அசையவில்லை.

"என்கிட்ட ஏம்ப்பா கேக்கல?"

"கேட்டா போறேன்னு சொல்லுவே. அதான் கேக்கல."

அவள் ஜன்னலுக்குப் போனாள். அங்கே நிற்க முடியாமல் வாயிலுக்கே திரும்பினாள். ஊர் திரும்பிய நாள்முதல் இப்படித்தான். மாடிப்படியில் இறங்குவாள், தெருமுனைவரை போவாள், போன காரணம் மறந்தவளாக ஏறி வருவாள்.

அவள் ஒரு காலத்தில் ஓவிய ஆசிரியை. மாமியார் படுக்கையில் விழுந்தபோது, கணவர் அவள் பள்ளிக்குப் போய், "இனி அவள் வரமாட்டாள்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் தூரிகைகளைக் கழுவிப் பரணில் வைத்தாள். கணவர் காலமான பிறகு, பழைய சக ஆசிரியை ஒருத்தி வழிகாட்டினாள்: வேறொரு நாட்டில், வீடிழந்து கடல் கடந்து வந்தவர்கள் தங்கும் இல்லம், அவர்களுக்குக் களிமண்ணும் வண்ணமும் கற்பிக்க ஆள் வேண்டும், ஊதியமில்லை. ஒரு பருவம் போய்க் கற்பித்துத் திரும்பினாள். அடுத்த பருவத்துக்கும் வருவதாக வாக்களித்திருந்தாள். வகுப்புகள் வரும் வாரம் தொடங்கவிருந்தன.

சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். "சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு எதுக்கு அண்ணி கடல் தாண்டிப் போகணும்? கல்யாணமான நாள்லேருந்து இங்கயே அதைத்தானே பாக்கறீங்க?"

அக்குரலைத் தொடர்ந்து மருமகள் வெளியே வந்தாள். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும் அவசரம், கண்களில் நீர்.

"அத்தை, இன்னிக்குச் சொல்லிடறேன். நீங்க திரும்பி வந்ததுலேருந்து இந்த வீட்டுல ஒரு துரும்பைத் தொடல. நான் காய் நறுக்கினா பின்னால வந்து நிக்கறீங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசர் மாதிரி கையைக் கட்டிக்கிட்டுப் பாக்கறீங்க. நல்லா இருக்குன்னும் சொல்றதில்ல, தப்புன்னும் சொல்றதில்ல... எனக்குக் காய் நறுக்கவே வரமாட்டேங்குது. யார் யாருக்கோ சொல்லிக் கொடுக்கறீங்க. நாங்கதான் வேண்டாதவங்களாயிட்டோமா?"

அம்மா திகைத்துப்போனாள். அன்று காலை முதன்முறையாக உட்கார்ந்து, கைகளை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"முதல் வாரம் ஒரு பொண்ணு களிமண்ல ஒரு முகம் செஞ்சா. நல்லா வந்திருந்துச்சு. மூக்கு மட்டும் கோணல். அவ பாஷை எனக்குத் தெரியாதே, எப்படிச் சொல்றதுன்னு நானே கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்தி நேராக்கிட்டேன். அவ ஈரத்துணியால அந்த முகத்தை மூடிட்டு எழுந்து போயிட்டா. அப்புறம் வகுப்புக்கே வரல. இல்லத்துல வேலை பாக்கறவங்கதான் சொன்னாங்க... அது அவளோட அம்மா முகமாம். வர்ற வழியில பறிகொடுத்துட்டாளாம். ஒரு போட்டோ கூடக் கையில இல்ல. அந்த அம்மாவுக்கு மூக்கு அப்படித்தான் இருந்துச்சாம்."

ரேடியோ கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலுக்கு வந்தாள். மகன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"அவ ரூம் வாசல்ல போய் நின்னேன். மன்னிப்புக் கேக்கவும் பாஷை இல்ல. ரெண்டு கையையும் பின்னால கட்டிக் காட்டினேன், இனிமே தொடமாட்டேன்னு. வந்தா. மறுபடியும் கோணலாவே செஞ்சா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அவ்வளவுதான். நான் ஒழுங்காப் பாடம் நடத்தினதே அன்னிக்குத்தான்." மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். "உன் சமையலையும் நான் விட்டு வெச்சேனா? நீ அந்தப் பக்கம் திரும்பினதும் எத்தனை நாள் உப்புப் போட்டிருக்கேன். அந்தப் புத்தியை விடணும்னுதான் கையைக் கட்டினேன், கண்ணு. கோவம் இல்ல."

"அந்த உப்பெல்லாம்... நீங்க போட்டதா அத்தை?"

"நீ போட்டதுக்கு மேல."

மருமகள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். அம்மா மகன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"உங்கப்பா ஒரு தடவை எனக்காகப் பதில் சொன்னாரு. நான் வாயைத் திறக்கல. இப்ப நீயும் சொல்லியிருக்கே. என் மூக்கு கோணல்தான்டா. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"எங்களை வெறுத்துட்டேன்னு நினைச்சேம்மா..." அவன் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். "இன்னொரு தடவை போனா திரும்பி வரமாட்டியோன்னு பயந்துட்டேன்."

"அதைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவன் மேசையிலிருந்த அவள் போனை எடுத்து, அந்த இல்லத்துக்கு அழைத்தான். மறுமுனையில் குரல் கேட்டதும், பழக்கதோஷத்தால் தானே பேசத் தொடங்கினான். மனைவி அவன் முழங்கையை இடித்தாள். போன் கைமாறியது.

அம்மா தனக்கு அரைகுறையாகத் தெரிந்த அந்நாட்டு மொழியில் நின்று நின்று பேசினாள், நெடுநேரம் கேட்டாள். போனை வைத்தபோது முகம் வாடியிருந்தது.

"என் வகுப்பை நேத்தே வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்களாம்."

மகன் தலைகுனிந்தான்.

"சாயங்காலம் வயசானவங்க வகுப்பு ஒண்ணு காலியா இருக்காம். எல்லாரும் பிடிவாதக்காரங்களாம். சொன்ன பேச்சே கேக்கமாட்டாங்களாம்."

"நீ என்னம்மா சொன்னே?"

"வரேன்னு சொன்னேன்."

அவன் அவள் தோளில் முகம் புதைத்து அழுதான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அழுது முடிச்சிட்டுச் சட்டையைப் போடு, ஆபீசுக்கு நேரமாச்சு. அண்ணி, பெட்டியை நான் அடுக்கறேன். நீங்க அடுக்கினா பாதியை மறந்துடுவீங்க" என்றாள்.

அவ்வீட்டில் மனத்தாங்கல் தீர்ந்தது; நன்று. ஆனால், முகம் செய்த அந்தப் பெண் இருக்கும் வகுப்பு அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மகனின் கண்ணீர் அதனை ஈடுசெய்யாது.

இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் வீட்டில் ஒருத்திக்காக விடை சொல்லியிருப்பீர்கள். 'அவங்களால முடியாது' என்றோ, 'அவங்களுக்கு அதெல்லாம் பிடிக்காது' என்றோ, அன்பின் பெயராலேயே சொல்லியிருப்பீர்கள். எழுந்து போங்கள். அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறவாதீர்கள்.