நகல் போய்க்கொண்டிருக்கிறது

கொன்செப்சியோன் நகரமே மதியச் சாப்பாட்டை முடித்துக் கதவடைத்துத் தூங்கிக்கொண்டிருந்த வேளையில், தொலைபேசிக் கூட்டுறவு அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்த நிமியா, ரவுட்டருக்குள் காலையில் இல்லாத கோப்பு ஒன்று இருப்பதைக் கண்டாள். அதற்குப் பெயரில்லை. அளவோ அந்தக் கருவி கொள்ளக்கூடியதைவிடப் பெரிது.

"செல்சோ, இது என்னன்னு பாரேன்."

வீட்டுக்குக் கிளம்பிய சக ஊழியன் செல்சோ வாசலிலேயே நின்று தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சினான். "ஏதாவது பழைய குப்பையா இருக்கும். எல்லாத்தையும் சேத்து நகல் எடுத்துடு தாயே. ஆனா பூட்டுப் போட்ட வழியில அனுப்பு. இல்லன்னா அசுன்சியோன் தலைமை ஆபீஸ்காரன் நம்ம தோல உரிச்சுடுவான்."

நகல்களைச் சேமிக்கும் அலுவலக வட்டு சென்ற வார இடியில் செத்துப்போயிருந்தது. அதனால் நிமியா தன் வீட்டுக் கணினியை இங்கிருந்தே இயக்கி, ரவுட்டரில் இருப்பதை எல்லாம் இழுத்துக்கொள்ளச் சொன்னாள். ரவுட்டரில் சாவி உருவாக்கி, பாதுகாப்பான வழியைத் திறந்து, கடவுச்சொல்லும் கொடுத்தாயிற்று. திரை கேட்டது: இந்தக் கருவியின் கைரேகை அறிமுகமில்லாதது. நம்பலாமா? அந்த நீண்ட எழுத்து வரிசையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் யார் பார்க்கிறார்கள்? 'ஆம்' என்று தட்டினாள்.

பத்து சதவீதம். பதினைந்து. நாற்பது டிகிரி வெயிலில் தகரக்கூரை முறுகிக்கொண்டிருக்க, கருவியின் விசிறியிலிருந்து மட்டும் ஆற்றுச் சேற்று வாடையோடு குளிர்காற்று வந்தது. எண் ஏறும்போதெல்லாம் யாரோ பாரம் இறக்கிவைத்து மூச்சுவிடுவதுபோல அது நீளமாய்ச் சீறி அடங்கியது.

கைப்பேசி அடித்தது. மகள் அராசெலி.

"அம்மா, உன் ரூம்ல யாரு?"

"யாருமில்லடி. பேசாம தூங்கு."

"கம்ப்யூட்டர் பக்கத்துல காலு நிக்குது. இடுப்பு வரைக்கும்தான் இருக்கு."

திரையைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு.

"வெளிய ஓடு! பக்கத்து வீட்டுக்கு ஓடு!"

"நீதானம்மா பூட்டிட்டுப் போன."

பூட்டியிருந்தாள். பிள்ளைகள் உச்சி வெயிலில் அலையாமலிருக்க எல்லாத் தாய்மாரும் பூட்டுவதுபோலத்தான்.

நிறுத்தச் சொல்லித் தட்டினாள். நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். எழுபது.

"அம்மா, கை வந்துடுச்சு."

எண்பது. எண்பத்தைந்து.

கம்பியைப் பிடுங்கினாள்.

எண் நின்றது. விசிறி நின்றது.

"அராசெலி? போயிடுச்சா?"

"இல்லம்மா." சிறுமி கிசுகிசுத்தாள். "கழுத்தோட நின்னுடுச்சு. தலை வரல."

"சத்தம் போடாத. கட்டிலுக்கு அடியில போ. அம்மா இதோ வரேன்."

"தேடுது. கையால தடவித் தடவி... தலகாணிய எடுத்துக் கழுத்து மேல வச்சுப் பாத்துச்சு. கீழ போட்டுடுச்சு."

நிமியா வண்டிச் சாவியோடு ஓடினாள். காதில் கைப்பேசி. ஆளற்ற தெரு. வெயில்.

"அம்மா..."

"சொல்லுடி. சொல்லு!"

"என் தலைய ரெண்டு கையாலயும் பிடிச்சு அளவு பாக்குது."