பொற்கொடி குடிகாரியாக இருந்த ஆறு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு அரிசி டிரம்முக்குள் படியை விட்ட பேச்சியம்மாளுக்கு, அரிசியோடு பிரிக்காத சாராய பாக்கெட் ஒன்றும் வந்தது. எல்லை தாண்டினால் கர்நாடகத்தில் அப்போதெல்லாம் அப்படித்தான் விற்றார்கள், ஷாம்பு மாதிரி.

"ஏலே சௌந்தரம், உன் வீட்டு அரிசி எந்த வயல்ல வெளஞ்சதுன்னு வந்து பாரு..."

அக்காவின் குரலுக்கு சௌந்தரராஜன் ஒரு கால் பூட்ஸோடு ஓடிவந்தார். நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீடு வந்திருந்தார். பாக்கெட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

அவர் குடியை விட்டு ஒன்பது வருஷம். அந்தக் காலத்தில் அவர் நடந்து வந்தால் சிப்காட் ரோடே வளைந்து வழிவிடும். அதை நிமிர்த்த மூன்று தடவை ஜல்லி கொட்டினார்கள். பிறகு அஞ்செட்டி போகும் வழியில் முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்தினார். கட்டும்போது சும்மா இராமல் ஒரு சொல்லையும் விட்டுவிட்டார்: "என் மவன் இதைத் தொட்டான்னு தெரிஞ்சா, அன்னைக்கே கயித்த அறுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சிருவேன்." சொன்னால் சொன்னதுதான் அவர். மனைவி பொற்கொடியின் வயிற்றில் ஒன்பது வருஷமாகக் கிடக்கும் கல் அந்தச் சொல்.

பாக்கெட் மகன் கௌதமுடையது. பிளஸ் ஒன், பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமை அவன் பையிலிருந்து எடுத்து, தூக்கிப்போட நேரம் வாய்க்கும்வரை டிரம்மில் புதைத்து வைத்தவள் பொற்கொடிதான்.

"அது என்னுதுங்க," என்றாள்.

குக்கர் விசிலை நிறுத்திக்கொண்டது.

"உன்னுதா... எத்தன நாளா?"

"ரெண்டு பொங்கலா."

அன்று முதல் அவளுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. பேச்சியம்மாள் இருமல் டானிக்கை பீரோவில் வைத்துப் பூட்டினாள். பக்கத்து வீட்டு நாராயணம்மா பாகற்காய்ச் சாறு கொடுத்தனுப்பினாள். ஒரு குடம் தண்ணீர் தூக்கியறியாத சௌந்தரராஜன் குழாயடியில் வரிசையில் நின்றார். "நான் குடிச்ச பாவம்தான் உன்னைப் பிடிச்சிருச்சு கொடி..." என்று சாப்பாட்டுத் தட்டில் கண்ணீர் விட்டார். சாம்பாரில் உப்பு கூடிப்போனது.

கௌதம் மட்டும் சாப்பிடவே இல்லை.

"அம்மா, நான் சொல்லிடறேன்."

"வாயத் தொறந்தே, உங்கப்பா மறுபடி குடிக்கப் போயிருவாருடா. அவர் குடிச்ச காலம் உனக்கு ஞாபகமில்ல. எனக்கிருக்கு."

அவனுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதே ஞாயிறு, அவனும் கூட்டாளி பிரகாஷும் வந்த மொபெட் நின்றிருந்த தக்காளி லாரியில் மோதி, பிரகாஷின் கால் மூன்று துண்டானது. நாய் குறுக்கே வந்ததாக கௌதம் சொன்னான். அந்த நாய் திங்கட்கிழமை கறுப்பாக இருந்தது. புதன்கிழமை செவலையானது. சனிக்கிழமைக்குள் கன்றுக்குட்டி உயரம் வளர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே பொற்கொடியை முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனது. பூசாரி மாதப்பன் மஞ்சள் கயிற்றோடு கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தினி குடிப்பம்மா?"

"ஒரு சொம்புங்க."

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். "சொம்பா? அதுல என்னா கலப்பே?"

பொற்கொடி யோசித்தாள். "பனங்கல்கண்டு."

அவர் கயிற்றைச் சுருட்டி மடியில் செருகினார். "நாப்பது வருசமா குடிகாரங்களப் பாக்கறேன் சாமி. இந்தம்மா குடிக்கல. யாருக்கோ பதிலாக் குடிக்கறாங்க."

"எனக்குத்தான்," என்றான் கௌதம். "பாக்கெட் என்னுது. நாய் எதுவும் வரலப்பா... நாங்க குடிச்சிருந்தோம். பிரகாஷ் வேணாம்னான், நான்தான் வண்டிய வாங்கி ஓட்டுனேன். ஒரு வருசம் நடக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பவும் அவன் என்னக் காட்டிக் கொடுக்கல..."

சௌந்தரராஜனின் வலது கை இடக்கைக் கயிற்றுக்குப் போனது. பொற்கொடி பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க குடிச்சா அந்தப் பையன் காலு ஒட்டுமா?"

அவர் கை தளர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"புள்ள செஞ்சத என்கிட்ட சொல்லக்கூட பயந்து, பழிய நீ சுமந்திருக்க... நான் விட்ட சொல்லாலதானே கொடி?" சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். "முனியப்பா, அன்னைக்குச் சொன்னதுல பாதிய வாபஸ் வாங்கிக்கறேன். குடிக்க மாட்டேங்கிறது மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"பாதி வாபசுக்கு ஒரு எலுமிச்சம்பழம் ஆவும்," என்றார் மாதப்பன்.

பேச்சியம்மாள் பொற்கொடியைக் கட்டிக்கொண்டு குமுறினாள். "ஏட்டி, உன்னைக் குடிகாரின்னு தெருப்பூரா சொல்லிட்டேனே..."

"அதுக்கென்ன மதினி. நிறுத்திட்டாள்னு போய்ச் சொல்லுங்க."

அழுகைக்கு நடுவில் பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது.

பஸ்ஸில் அப்பாவும் மகனும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ரொம்ப தூரம் போன பிறகு அவர் சொன்னார்: "நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம். பிரகாஷ் அம்மாகிட்ட நீயே சொல்லணும்."

"நீங்க கூட வருவீங்களாப்பா?"

"பக்கத்துலயே நிப்பேன்."

பின் சீட்டில் பொற்கொடி, மதினியின் தோளில் சாய்ந்து, அந்த வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.