உப்பே, நீ எங்கே?

"வீ...ல்!"

கானா நாட்டின் கேட்டா ஊரில், கடலேரிக் கரைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகம் அதிர்ந்தது.

கத்தியவள் கடைசி மேஜை மாணவி. அவள் முன்னால், அடுப்பின் மேலிருந்த கிண்ணத்தில்... கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒன்று கொப்புளம் விட்டுக் கருகிக்கொண்டிருந்தது!

ஆய்வக உதவியாளர் காஃபுயி பதறி ஓடிவந்தாள்.

செய்முறைத் தேர்வு என்னவோ சுலபம்தான். உப்பும் மணலும் கலந்த கலவை. தண்ணீரில் கரை. வடிகட்டு. மணல் தாளில் தங்கும். வடிந்த நீரைக் காய்ச்சு. வெள்ளை உப்பு மிஞ்சும்.

மிஞ்சியது கரி!

"படபடன்னு பொரியவே இல்ல மேடம்..." மாணவி விசும்பினாள்.

காஃபுயி கிண்ணத்தை உற்றுப் பார்த்தாள். உப்பளக் குடும்பத்தில் பிறந்தவள். சூட்டில் பொரியாவிட்டால் அது உப்பே இல்லை!

தலைநகர் அக்ராவிலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி லாம்ப்டே புகையை மோந்து பார்த்தார்.

"என்னம்மா... பரீட்சை நடத்துறீங்களா, டாஃபி காய்ச்சுறீங்களா?"

தலைமையாசிரியர் அக்பெனியெகா எகிறினார். சரித்திர வாத்தியார் அவர்.

"உப்பு ஜாடிக்கு யாரு பொறுப்பு? நீதானே! உப்பு விளையற ஊர்ல உப்பைக் காணோம்னு வெளிய சொல்ல முடியுமா? மதியத்துக்குள்ள உன் ராஜினாமா கடிதம் என் மேஜைல இருக்கணும்!"

"சார், நேத்து அந்த ஜாடில இருந்துதான் எடுத்து மணலோட கலந்தேன்..."

"ருசி பாத்தியா?"

"லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாது சார். சுவத்துலயே ஒட்டியிருக்கு. கீழ உங்க கையெழுத்து!"

"அதிகப்பிரசங்கி!"

லாம்ப்டே கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம். வேற உப்பு வரணும். இல்லன்னா இங்க இனிமே தேர்வு மையமே கிடையாது!"

காஃபுயி ஓடினாள்!

கடலேரிக் கரையில் பெண்கள் குவித்து வைத்திருந்த உப்பில் ஒரு பெரிய கிண்ணம் வாங்கினாள். மூச்சிரைக்க இடித்தாள். பாதி மணலுக்கு. மீதி, காலி செய்து கழுவித் துடைத்த சாமான் அறை ஜாடிக்கு.

படபட... படபட!

பத்து மேஜையிலும் பொரிந்தது. பத்துக் கிண்ணத்திலும் வெள்ளை வெளேர்!

பிள்ளைகள் தப்பித்தார்கள். காஃபுயி தப்பிக்கவில்லை.

"கடிதம்!" என்று உறுமிவிட்டு, டீக் கோப்பையோடு நகர்ந்தார் தலைமையாசிரியர்.

அழுதுகொண்டே எழுத உட்கார்ந்தாள் பாவம். வீட்டில் மூன்று வாய்கள் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தன.

"த்தூ...! த்தூ...!"

பக்கத்துச் சாமான் அறையிலிருந்து அலறல்!

காஃபுயியும் லாம்ப்டேயும் கதவைத் தள்ளினார்கள்.

உள்ளே தலைமையாசிரியர். ஒரு கையில் கோப்பை. மறு கையில் ஸ்பூன். எதிரில் திறந்த உப்பு ஜாடி. மீசையெல்லாம் டீ!

டாக்டர் அவருக்குச் சர்க்கரையைத் தடை செய்து இரண்டு வருடம் ஆகிறது.

"அப்ப ஜாடில சர்க்கரையை ஒளிச்சு வச்சது நீங்கதானா?" லாம்ப்டே கண்ணை உருட்டினார்.

"சத்தியமா நான் வைக்கல! எடுத்துக்க மட்டும்தான் செஞ்சேன்! ஒரு மாசம் முன்னாடி ஜாடில எறும்பு ஏறிச்சு... தொட்டு நக்கினேன். இனிச்சுது. உப்பு ஏன் இனிக்குதுன்னு கேக்க நான் என்ன கெமிஸ்ட்ரி வாத்தியாரா?"

"அப்ப வச்சது யாரு?"

"நான்தான்!"

வாசலில் எனியோனம். விடுதிச் சமையலறை மேற்பார்வையாளர். தலைமையாசிரியரின் மனைவி. கையில் கரண்டி!

"வீட்டுல எங்க ஒளிச்சாலும் மோப்பம் பிடிச்சிடறாரு. கெமிஸ்ட்ரின்னாலே ஓடற மனுஷன், லேப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாருன்னு நம்பி, உப்பை என் சமையலுக்கு எடுத்துக்கிட்டு சர்க்கரையை இதுல கொட்டினேன். இங்கயும் வந்துட்டீங்களா, செனா அப்பா?"

தலைமையாசிரியர் சுருங்கிப்போனார். காஃபுயி கடிதத்தை நீட்டினாள். அவரே வாங்கி, அவசர அவசரமாகக் கிழித்தார்.

"கலவையைப் பிரிச்சதுக்கு உங்க பிள்ளைகளுக்கு முழு மார்க்!" லாம்ப்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

காஃபுயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மணலையும் உப்பையும் அரை மணி நேரத்துல பிரிச்சிடலாம் சார். இவரையும் சர்க்கரையையும் பிரிக்கற முறை... இன்னும் பாடத்திட்டத்துலயே வரல!"