கப்பலில் கிடைத்த அண்ணன்

“ஏனுங்க... அது என்ற அக்கா சீட்டுங்க.”

வேனின் ஜன்னலோரம் சாய்ந்திருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எதிரே ஒரு பெண். வெளிறிய நீலச் சேலை, பூ வைக்காத தலை, அழுது அழுது இமையோரம் தடித்துப்போன கண்கள்... ஆனாலும் என்ன கண்கள் அவை. சண்டைக்கு வந்தவளின் கண்ணைப் பார்த்து இப்படி வாயடைத்து நிற்கலாமா என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

“உங்க அக்கா வரட்டுமுங்க. எந்திரிச்சுக்கறேன்,” என்றான்.

“அவ வர மாட்டா.”

“அப்பறம் நான் உக்காந்தா என்னங்க?”

அவள் கண்கள் நிறைந்தன. முன்னால் இருந்த டூர்க்காரர் பீர் முகம்மது பதறிப்போய் வந்து அவன் காதில் ஏதோ சொன்னார். கேட்கக் கேட்க அவன் முகம் செத்துவிட்டது. விருட்டென்று எழுந்தவன் மேலே கூரையில் ‘நங்’கென்று இடித்துக்கொண்டான்.

“தெரியாமப் பேசிப்போட்டேனுங்க...”

அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை ஒன்றுதான் மிச்சம். அதில் உட்காரத் தைரியம் வராமல், தாழ்ந்த கூரைக்குக் கீழே தலையைக் கவிழ்த்தபடி காந்திபுரத்திலிருந்து குனியமுத்தூர் தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தான் அந்த மகராசன்.

“உக்காருங்க. கழுத்து ஒடிஞ்சிரும்,” என்றாள் கடைசியில்.

அவன் பல்லடத்துத் தம்பிதுரை. தறி ஓட்டுகிற குடும்பம். நண்பர்கள் நாலு பேராகச் சேர்ந்து இந்தக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். கோயமுத்தூரில் குண்டு வெடித்த பிறகு மற்ற மூன்று பேரும் பயந்து நழுவிவிட்டார்கள். கப்பல் ஏறப் போகிறேன் என்று பல்லடம் முழுக்கச் சொல்லித் தொலைத்திருந்ததால் இவனால் மட்டும் நழுவ முடியவில்லை.

அவள் அன்னூர் சண்முகப்பிரியா. நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவளும் அக்கா பூங்கோதையும் சேர்ந்து போவதாக இருந்த பயணம் இது. அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது கப்பலில் போக வேண்டும் என்பது அவள் ஆசை. கொச்சிக்கு ரயில், அங்கிருந்து கப்பல், லட்சத்தீவில் மூன்று தீவுகள். பிப்ரவரி பதினாலாம் தேதி இரவு ரயில் ஏற வேண்டும். கப்பலில் வழுக்காமல் நடக்க நல்ல செருப்பு வேண்டுமென்று அக்கா அன்று மத்தியானம் ஆர்.எஸ்.புரம் போனாள்...

அன்றிரவு ரயில் போகவில்லை. அக்கா பிணவறையில் கிடந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேசின சம்பந்தம் விட்டுப் போக வேண்டாம், பெரியவள் போய்விட்டால் சின்னவளைக் கொடுங்கள் என்று. அப்பா இல்லாத வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். அவர் தலையாட்டிவிட்டார். அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “பெரியவ ஆசைப்பட்ட கப்பலு. சின்னவ போயிட்டு வரட்டும். வந்து சொல்லுவா.”

திரும்பி வந்ததும் பதில் சொல்ல வேண்டும். அக்காவின் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறேன் என்றோ... மாட்டேன் என்றோ. மாட்டேன் என்று அந்த வீட்டில் இதுவரை எந்தப் பெண்ணும் சொன்னதில்லை.

தள்ளிப்போன பயணத்தை மார்ச் கடைசியில் பீர் முகம்மது மறுபடி ஏற்பாடு செய்தார். கிளம்பும் நாளில் கேரளத்தில் ரயில் மறியல். ரயில் இல்லை என்றதும் ஆள் பிடித்து, வேன் பிடித்து, இதோ வாளையாறு எல்லை. அங்கே சோதனை. அவர் பெயரைக் கேட்டதுமே தனியாகக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். பெட்டிகள் எல்லாம் ரோட்டில் பரப்பிக் கிடந்தன. வெகுநேரம் கழித்து வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கப்பல் நமக்காக நிக்காதுங்க... போலாமுங்களா?” என்று மட்டும் கேட்டார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் வினை ஆரம்பித்தது.

பின்சீட்டில் பொள்ளாச்சிப் பக்கத்து முத்தாத்தாள். வெற்றிலையும் விசாரணையும் ஓயாத அம்மாள். கல்யாணமாகாத பெண்ணும், முன்பின் தெரியாத வாலிபனும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவதை எல்லை வரைக்கும் பொறுத்துக்கொண்டு வந்ததே பெரிய விஷயம்.

“ஏங்கண்ணு, நீங்க என்ன கூட்டம்?”

“காடை கூட்டமுங்க,” என்றாள் பிரியா.

“நீங்க தம்பி?”

தம்பிதுரை ஒரு நொடி அவளைப் பார்த்தான். துக்க வீட்டிலிருந்து வருகிறவள். ஊர் போய்ச் சேருவதற்குள் இந்த அம்மாள் இவளைப் பற்றி என்னவெல்லாம் சொல்லுமோ... வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

“நானும் காடை கூட்டந்தானுங்க.”

“அட, பங்காளியா? அப்ப அண்ணன் தங்கச்சி. நல்லதாப் போச்சு, தொணையாச்சு,” என்று முத்தாத்தாள் அப்போதே கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்தாள்.

கொங்கு நாட்டில் இதற்கு மேல் கேள்வி கிடையாது. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள், ஊர் எதுவானாலும், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்றாலும், உடன்பிறப்புகள். அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சை நினைப்பதே பாவம். அதனால் அவர்கள் சேர்ந்து உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம், நாளெல்லாம் பேசலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

‘ஒரு பொய்தானே... நாலஞ்சு நாளில் இறங்கிப் போய்விடப் போகிறோம்’ என்று நினைத்துக்கொண்டான் தம்பிதுரை. பாவம், அவனுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

கொச்சிக்குப் போனால் கப்பல் கிளம்பவில்லை. கடலில் பருவம் தப்பிய காற்றும் மழையும். மறுநாள் காலைதான் விட்டார்கள். விட்ட பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: கவரத்தி கிடையாது, மினிக்காய் கிடையாது, கல்பேனி ஒன்றுதான். கப்பல் முழுக்க ஒரே கூச்சல். எந்தத் தீவுக்குப் போனால் என்ன... அக்கா எதிலும் இல்லை என்று பிரியா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

சற்றுத் தள்ளி இன்னொரு ஆள் அதே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. வந்ததும் குற்றவாளி மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கீழே போய் முத்தாத்தாளிடம் ஒரு எலுமிச்சங்காய் வாங்கி வந்து நீட்டினாள்.

“இந்தாங்கண்ணா. மோந்து பாருங்க.”

“பல்லடத்துல போய் இதைச் சொல்லிப்போடாதீங்க.”

“கேட்டாச் சொல்லுவேன்.”

“யாரு கேப்பாங்க?”

“நானே பஸ் ஏறி வந்து சொல்லுவேனுங்க.”

அவன் சிரித்தான். பிறகு மழை பிடித்தது. தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு நாற்காலிகள், இரண்டு தம்ளர் டீ. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். ஒன்றரை மாதமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எந்த இடத்தில் நின்றாளாம், அடையாளம் தெரிந்ததா, முகம் இருந்ததா... இவன் வேறு கேட்டான்.

“உங்க அக்கா எப்படிங்க சிரிப்பாங்க?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் மழையா, வேறா... தெரியவில்லை.

“சத்தமே வராதுங்க. வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சிருவா. எனக்குப் பயமாப் போயிரும், ஏதாச்சும் ஆயிப்போச்சோன்னு...”

அன்று முழுக்கப் பேசினாள். அக்கா சோளத்தட்டு அறுக்கையில் பாடுவது, அக்காவுக்குப் பல்லியைக் கண்டால் நடுக்கம், அக்கா வைக்கிற ரசத்தில் எப்போதும் உப்பு தூக்கல்... செத்துப்போன பூங்கோதை அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே கொஞ்சநேரம் உயிரோடு இருந்தாள். அன்றைக்குத்தான் பிரியா ஒரு வாய் சோறு முழுதாகச் சாப்பிட்டாள்.

ஆனால் படுக்கப் போனதும் அவன் கண்ணோரம் சுருங்கிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததல்ல, போகவே மாட்டேன் என்றது. ‘அண்ணன் முறை... ஐயோ, பங்காளி. எனக்கு என்ன ஆகிவிட்டது? அக்கா செத்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. எனக்கு ஏன் இந்தச் சாக்கடைப் புத்தி?’ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இப்படிப்பட்டவள் வீட்டில் சொல்கிற இடத்தில் கழுத்தை நீட்டிவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று அந்தப் படுக்கையில்தான் முடிவெடுத்தாள்.

கல்பேனியில் கப்பல் கரைக்கு வராது. சின்னப் படகில் இறக்கிக் கொண்டுபோனார்கள். கரையில் கால் வைப்பதற்குள் மழை கொட்டியது. படகு நிறுத்தும் ஓலைக்கொட்டகையில் ஒதுங்கி நின்றார்கள் இருவரும். கொட்டகையின் மறுகோடியில் பீர் முகம்மது ஈரத் துண்டை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். முத்தாத்தாள் தேங்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா... உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்.”

“கேளுங்க.”

“அக்காவுக்குப் பேசின மாப்பிள்ளைக்கு என்னைக் கேக்கறாங்க. ஊருக்குப் போனதும் பதில் சொல்லோணும். எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் இல்லீங்க. அப்படி ஒருத்தர் இருந்திருந்தா கேட்டிருப்பேன்... சொல்லுங்க. நான் கட்டிக்கிடட்டுங்களா?”

தம்பிதுரைக்கு மழைச் சத்தம் நின்றுவிட்டது போல் இருந்தது. அவள் அண்ணன் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லலாம். சரி என்று சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது அவனுக்காகச் சொன்னதாக இருக்கும். அவள் வாழ்க்கை... அவன் பொய்.

“நான் அதைச் சொல்லக் கூடாதுங்க.”

“ஏனுங்க?”

“நான் உங்க கூட்டமில்லீங்க. நான் ஆந்தை கூட்டம். அந்தம்மா வாயை மூடோணும்னு அன்னிக்குச் சொல்லிப்போட்டேன்... அப்பறம் சொல்ல வாய் வரலீங்க. சொன்னா நீங்க எங்கூட இருந்து பேச மாட்டீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன். இப்ப உங்களுக்கு அண்ணனா நின்னு பதில் சொல்ல என்னால ஆகாதுங்க. உங்களை எனக்கு... அவ்வளவு புடிச்சுப் போச்சுங்க.”

அவள் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“எங்கக்காவைப் பத்தி அத்தனையும் உங்ககிட்டச் சொன்னேன்,” என்றாள் மெதுவாக. “அண்ணன்னு நினைச்சுச் சொன்னேன். செத்தவ பேரைச் சொல்லி அழுதவகிட்டயா உங்களுக்குப் பொய் சொல்ல வந்துச்சு?”

கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட எந்த முறையும் அவனிடம் மிச்சமில்லை.

திரும்பும்போது கப்பலில் அவன் மேல்தளத்துக்கே வரவில்லை. கொச்சியில் வேனில் ஏறுகையில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பிரியாவுக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாத கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி கிடந்து அழுதது. ‘பங்காளி இல்லை... என் புத்தி சாக்கடை இல்லை. நான் நினைத்தது பாவமில்லை...’ அந்த நிம்மதியை நினைத்தால் இன்னும் கோபம் வந்தது. அக்காவைச் சாம்பலாக்கிவிட்டு நான் எதற்காக நிம்மதிப்படுகிறேன்? ஆனால் அக்காவைப் பற்றிப் பேச இனி ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது, வேனின் முன்பக்கம் தெரிந்த அந்தப் பின்கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

காந்திபுரத்தில் சித்தப்பா காத்திருந்தார். கூடவே அந்த மாப்பிள்ளையும். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், யாரையும் பார்க்காமல் நின்றான். வேனுக்கு மேலிருந்து பிரியாவின் பெட்டியை இறக்கி வைத்தது தம்பிதுரை. சித்தப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாரு?”

“நம்ம பையந்தானுங்க,” என்றாள் முத்தாத்தாள், கேட்காமலே. “காடை கூட்டம், பல்லடம். புள்ளைய அண்ணனாட்டப் பார்த்துக்கிட்டான்.”

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. “பங்காளியா? சந்தோசம் தம்பி. வைகாசில இவளுக்குக் கல்யாணம் வைக்கறோம். அண்ணன் முறைக்கு நீ வந்து நிக்கோணும், ஆமா.”

தம்பிதுரை தலை குனிந்து நின்றான். அவள் மானம் அவன் வாயில் இருந்தது. இந்த ஒரு பொய்யை இப்படியே விட்டால் எல்லோரும் மரியாதையாக வீடு போய்ச் சேரலாம். அவன் பல்லடத்துக்கு, அவள் அன்னூருக்கு. அதற்குப் பிறகு அவன் சாகும்வரை அவளுக்கு அண்ணன்.

பிரியா ஓரடி முன்னால் வந்தாள்.

“சித்தப்பா... இவரு நம்ம கூட்டமில்லீங்க.”

“என்ன கண்ணு சொல்றே?”

“ஆந்தை கூட்டமுங்க. எனக்கு அண்ணனில்லீங்க.” சித்தப்பாவை நேராகப் பார்த்தாள். “கட்டிக்கற முறைங்க.”

முத்தாத்தாளின் வெற்றிலை வாய் திறந்தபடி நின்றது. சித்தப்பா ஓங்கிய கை பாதியில் நின்றது, நடுரோடு என்பதால். மாப்பிள்ளை மட்டும் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடையை நோக்கி நடந்தான். அவமானமா, விடுதலையா... அவன் முதுகைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை.

“நாளைக்கு எங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு உங்க ஊட்டுக்கு வாரேனுங்க,” என்றான் தம்பிதுரை சித்தப்பாவிடம். “அடிச்சாலும் வாங்கிக்கறேனுங்க.”

சித்தப்பா வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி ஜீப்பில் எறிந்தார்.

வீட்டில் என்ன நடக்கும் என்று பிரியாவுக்கு நன்றாகத் தெரியும். அடி விழும். அம்மாவுக்கும் சேர்த்து விழும். ஜீப்பில் ஏறப் போனவள் நின்று, அவன் பக்கம் திரும்பினாள்.

“வாங்க,” என்றாள். “அம்மா அக்காவைப் பத்தி யார்கிட்டயும் பேசறதில்லீங்க... நீங்க வந்து கேளுங்க.”