அறையில் சத்தம் அதிகம்

மூன்றாவது முறையும் டிவி திரையில் அதே வரிதான் வந்தது. 'அறையில் சத்தம் அதிகம். அமைதியாக இருந்து மீண்டும் முயலவும்.'

எங்கேயடா சத்தம் என்றிருந்தது அவளுக்கு. ஃபேனை நிறுத்தியாயிற்று, ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று, ஜன்னல்களைச் சாத்தி, கணவன் ஆசை ஆசையாக வாங்கி மாட்டியிருந்த தடித்த கறுப்புத் திரைகளையும் இழுத்துவிட்டாயிற்று. வெளியே பட்டப்பகல், ஹாலுக்குள் மட்டும் ராத்திரி. புது வயரின் பிளாஸ்டிக் வாசனையும் சுவரில் துளை போட்ட சுண்ணாம்புத் தூசியும் மூக்கை அடைத்தன. சோபாவில் ஓர் ஆள் உட்கார்ந்தால் காது எங்கே வருமோ அந்த உயரத்துக்குத் தலையணைகளை அடுக்கி, உச்சியில் கட்டைவிரல் அளவு மைக் ஒன்றை, ஹோம் தியேட்டர் மாட்ட வந்த மெக்கானிக் வைத்திருந்தான். முன்னால் மூன்று, பின்சுவரில் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கர்களும் ஒவ்வொன்றாக 'ஷ்ஷ்ஷ்' என்று இரையும். மைக் அதைக் கேட்டு எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் பண்ணிக்கொள்ளும். அதுவரை வீடு மூச்சுக் காட்டக் கூடாது.

"சார், யாராச்சும் மனசுக்குள்ள பேசுறீங்களா?" என்றான் மெக்கானிக்.

"இவதான். இந்தப் பெட்டியை வாங்கின நாள்லேருந்து என்னை மனசுக்குள்ளயே திட்டிக்கிட்டிருக்கா," என்றான் கணவன்.

"மனசுக்குள்ள எதுக்கு? வாயாலேயேதான் திட்டுறேன்," என்றாள் அவள். அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "அக்கா, குழந்தையைக் கொஞ்சம் வெளிய கொண்டு போறீங்களா? இந்த மைக் இருக்கே, மூச்சு விடுறதைக்கூடப் பிடிச்சிரும்."

அவள் குழந்தையோடு மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே 'ஷ்ஷ்ஷ்' என்று இடப்பக்கம் தொடங்கி, நடுவுக்கு வந்து, வலப்பக்கம் போய், பின்னால் சுற்றி ஓய்ந்தது. "முடிஞ்சிருச்சு, வா!" என்று கணவன் கத்தினான். இவ்வளவு சின்ன மூச்சுக்கா அந்தப் பெட்டி அப்படி முறுக்கிக்கொண்டது என்று நினைத்தபடி உள்ளே போனாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

அந்த வீட்டுக்குள் ஹோம் தியேட்டர் வந்ததே ஒரு உடன்படிக்கையின் பேரில்தான். குழந்தைக்குப் பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் அது கட்டெறும்பு. பல் முளைக்காத ஈறை வைத்துக்கொண்டு, தூக்குகிறவள் தோளை வெடுக்கென்று கடித்துவிடும். கடி பரவாயில்லை. தூக்கம்தான் பெரும் பாடு. தாலாட்டுக்கு மசியாது, தொட்டிலுக்கு மசியாது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில், அந்தத் தகர டப்பா ஒலியில், செய்தி வாசிக்கிறவரின் வறண்ட குரல் தணிவாகக் கேட்டால் மட்டும் கண்ணை மூடும். அது கண் மூடுகிற நேரத்தில்தான் அவளும் மூட முடியும். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் என்பது அப்படிப் பொறுக்கியெடுத்த தூக்கம்தான்.

அதனால் மெக்கானிக்கிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "நீங்க என்ன வேணா மாட்டுங்க தம்பி. டிவி ஸ்பீக்கர் எப்பவும் போல பேசணும். அதுல கைய வெச்சீங்க, அப்புறம் உங்க சார்தான் குழந்தையை ஆட்டணும்."

"கவலையே படாதீங்கக்கா. இந்தக் கறுப்புப் பெட்டி இருக்குல்ல, ஆம்ப், இதை ஆன் பண்ணினா சத்தம் சுவத்துல இருக்கிற பாக்ஸுக்குப் போயிரும், டிவி வாயை மூடிக்கும். இதை அணைச்சா டிவி பேசும். செட்டிங்ல போய் ரெண்டையும் சேத்து மட்டும் ஓட விட்டுராதீங்க. ஒண்ணு சொன்னதையே இன்னொண்ணு கொஞ்சம் பின்னாடி வந்து சொல்லும். கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கும்."

மைக்கை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, சோபாவை நகர்த்தினால் மறுபடி அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். கணவன் வேலைக்குப் போயிருந்தான். திரைகளை இழுத்து, ஆம்பை அணைத்து, சோபாவுக்கு முன்னால் விரித்த மெத்தையில் குழந்தையைப் போட்டு, டிவியைத் தணிவாக வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். குழந்தை சிணுங்கியது. செய்தி வாசிக்கிறவர் எங்கோ பெய்த மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், பின்னாலிருந்து, இடது மூலையிலிருந்து, மெதுவாக ஒரு 'ஷ்ஷ்ஷ்' வந்தது.

ஆம்பை அணைக்க மறந்துவிட்டோமோ என்று நினைத்தாள். தலையைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லை. 'ஷ்ஷ்ஷ்' இப்போது முன்னால் இடப்பக்கம் வந்தது. அப்புறம் நடுவில். அப்புறம் வலது. அழுகிற பிள்ளையைச் சுற்றி ஒருவர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பதுபோல அது அந்த இருட்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் சிணுங்கல் ஒரு பிடி குறைந்தது. மூன்றாவது சுற்றில் குழந்தை தூங்கியே விட்டது. அப்பாடா என்று அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. இமை ஒட்டுகிற நேரத்தில், யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், வாய் குழறிச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் நீயே பாத்துக்கோ."

கண் விழித்தபோது சாயங்காலம். அடித்துப்போட்டது போன்ற தூக்கம். குழந்தை அவளுக்கு முன்பே விழித்திருந்தது. பசிக்கு அழவில்லை, ஈரத்துக்கு அழவில்லை, சோபாவுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு கிடந்தது. அதன் போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டு, ஓரங்கள் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருந்தன. அவளுக்கு அப்படிச் செருகுகிற பழக்கம் கிடையாது. தூக்கக் கலக்கத்தில் செய்திருப்போம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்னால் எங்கே நின்றுவிடுமோ என்றுகூடப் பயந்தாள். மறுநாள் மத்தியானமும் அதேபோல் படுத்தாள். அதற்கடுத்த நாளும். கண்ணுக்கடியில் இருந்த கருமை மறைந்தது. "பாத்தியா, ஹோம் தியேட்டர் வந்த நேரம், உன் மூஞ்சியில களை வந்துருச்சு," என்று கணவன் கிண்டல் செய்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் தோளில் கடித்தடம் இல்லை என்பதைக் குளிக்கும்போதுதான் கவனித்தாள். குழந்தை கடிப்பதை விட்டு நாளாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பால் குடிக்கும்போது கண் அவள் முகத்தில் நிற்காமல் சுவர் மூலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுவதற்கு அது புதிதாகக் கற்றிருந்தது. அதை அவளிடம் மட்டும்தான் செய்யும், அப்பன் கெஞ்சினால்கூடச் செய்யாது. அதில் அவளுக்கு ஒரு கர்வம்.

அன்றைக்கு மத்தியானம் அவள் சமையலறையிலிருந்து வந்தபோது, குழந்தை மெத்தையில் மல்லாந்து கிடந்து, இரண்டு கையையும் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து அல்ல. பின்சுவரின் இடது மூலையைப் பார்த்து.

ஓடிப்போய்க் குழந்தையை வாரியெடுத்தாள். 'ஷ்ஷ்ஷ்' சுற்றிக்கொண்டிருந்தது. முதல் தடவையாகக் குனிந்து ஆம்பைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பெட்டி அணைஞ்சிருக்கு. ஆனா பாக்ஸ்ல சத்தம் வருது."

"லைட் எரியலைன்னா வர வாய்ப்பே இல்லக்கா. டிவியிலேருந்து வரும். அதை அணைச்சுப் பாருங்க."

டிவியின் சத்தத்தை அடக்கினாள். திரையில் செய்தி வாசிக்கிறவரின் உதடு மட்டும் அசைந்தது. ஹால் அப்படியே அடங்கிப்போனது.

"நின்னுருச்சா?" என்றான் மெக்கானிக். "அதான் சொன்னேன்ல. இதுக்குப் போய்..."

'ஷ்ஷ்ஷ்.'

போனை வைத்திருந்த காதுக்கு மிகப் பக்கத்தில்.

"ஐயோ, குழந்தை தூங்குதாக்கா? முதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "சரி சரி, நான் பேசல. வெச்சிர்றேன்."

"தம்பி, அது நான் இல்ல..."

இணைப்பு போய்விட்டது.

ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். அதன் பின்னால் கைவிட்டு, கொத்தாக இருந்த வயர்களை உருவி எறிந்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. சத்தம் நிற்கவில்லை. இடது. நடு. வலது. பின்னால். ஒவ்வொரு இடத்துக்கும் குழந்தையின் தலை திரும்பியது. சத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பியது. அது எங்கே போகிறது என்று குழந்தைக்குத் தெரிந்தது. அதற்குக் கண்ணில் தெரிந்தது.

"போதும்," என்றாள். "நான் பாத்துக்குறேன். இது என் குழந்தை. நீ பாக்க வேண்டாம்."

நின்றது.

திரைத் துணி அசையவில்லை. செய்தி வாசிக்கிறவர் பாதி திறந்த வாயோடு உறைந்துபோயிருந்தார். அவர் முகத்துக்கு மேலே அந்த வரி வந்தது. பிடுங்கிப்போட்ட பெட்டி அனுப்ப வேண்டிய வரி.

'அறையில் சத்தம் அதிகம். அமைதியாக இருக்கவும்.'

அப்புறம், அவள் பிடரி மயிரைத் தொட்டுக்கொண்டு, 'ஷ்ஷ்ஷ்'. இந்தத் தடவை அது குழந்தைக்குச் சொன்னதல்ல. அவளுக்குச் சொன்னது.

அவள் செருப்புகூடப் போடவில்லை. குழந்தையோடு வெளியே பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். படித் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். மேல்வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கீழே தெருவில் சைக்கிள் மணி. அந்தச் சாதாரணச் சத்தங்களைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் மங்கி, படிக்கட்டில் விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் அங்கேயே நின்றாள். குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டது.

கணவன் பையோடு படியேறி வந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். கிழிந்த விரலைப் பிடித்துப் பார்த்தான்.

"நீ ஒழுங்கா தூங்கியே எத்தனை மாசம் ஆச்சு? தூங்காத கண்ணு என்னத்தையாவது காட்டும், தூங்காத காது என்னத்தையாவது கேக்கும்."

"நான் தூங்கினேங்க. அதான் பயமா இருக்கு. அது பாத்துக்கும்னு விட்டுட்டுத் தூங்கினேன்."

"எது?"

அவள் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"சரி, நீ இங்கேயே நில்லு. வயரையெல்லாம் மாட்டி அளந்தே காட்டுறேன். எறும்பு நடந்தாக்கூட அந்த மைக் சொல்லிரும். ஒண்ணும் இல்லன்னா பேசாம உள்ள வரணும். சரியா?"

கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் சோபா இழுபடுகிற சத்தமும் வயரை மாட்டுகிற முணுமுணுப்பும் கேட்டன. பிறகு அளவு தொடங்கியது. இடப்பக்கம் ஒரு 'ஷ்ஷ்ஷ்', நடுவில், வலப்பக்கம், பின்னால் இரண்டு. மூடிய கதவுக்கு உள்ளே, பத்திரமாக, வெறும் இயந்திரத்தின் இரைச்சல். அவள் விரலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த வரி வந்துவிட்டால் அவன் நம்புவான். அந்த வரி வந்துவிட வேண்டும்.

"முடிஞ்சிருச்சு!" உள்ளிருந்து கணவன் கத்தினான். சிரிப்பு கேட்டது. "முதல் தடவையிலேயே அளந்துருச்சு, பாரு! உள்ள ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. வா, வா!"

அவளுக்கும் ஒரு கணம் மூச்சு வந்தது. காலை எடுத்து வைத்தாள்.

அப்புறம்தான் உறைத்தது.

மெக்கானிக் அளந்த அன்றைக்கும் இப்படித்தான். அவளும் குழந்தையும் வெளியே வந்து நின்றதும், உள்ளே சத்தம் இல்லாமல் போயிற்று. இதே படியில். இதே இடத்தில்.

படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மேல்வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடது காதோரம் 'ஷ்ஷ்ஷ்'.

சுவருக்கும் அவளுக்கும் நடுவில்.

"என்னங்க," என்றாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

குழந்தை விழித்துக்கொண்டது. தலையைத் தூக்கி அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் அவளைத் தாண்டி நீட்டியது, தூக்கச் சொல்லி.

அவள் திரும்பவில்லை. குழந்தையை மார்போடு இறுக்கினாள். இரண்டு கையாலும், வலிக்க வலிக்க, முழுப் பலத்தோடு.

உள்ளே கணவன், "இன்னும் என்ன பண்ற? வா," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கையிலிருந்த கனம் குறையத் தொடங்கியது.