இருபத்து மூன்று நலம்

பேட்டரி அறையின் பதிவில் நேற்று மாலைக்குப் பிறகு ஒரு வரிகூட இருந்திருக்கக் கூடாது. திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அறைக் கதவுக்கு வெளியே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு எண்ணினார். நூற்று நாற்பத்தைந்து வரிகள். எல்லாம் ஒன்றே: 23 நலம்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் அந்த அறைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேர் தங்கள் எண்ணை அழுத்தினால்தான் கதவு திறக்கும்; வெளியேறும்போதும் அவரவர் எண்ணை அழுத்த வேண்டும். உள்ளே இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் சைரன் அலறி ஆளைக் கூட்டிவிடும். ஆள் உள்ளே இருக்கும்வரை பேட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டே கிடக்கும்.

அவருடைய எண் பதினேழு. இருபத்து மூன்று, கூட வேலை பார்த்த நெட்டையுடையது. நெட்டை நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து நான்கு மாதம். மாற்று ஆள் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்றே மேலிடம் காலத்தை ஓட்டியது. இரண்டு பேர் வேலையும் இவர் தலையில் விழுந்தது. அலுத்துப்போய், செத்தவனின் எண்ணையும் இவரே அழுத்தினார். அவன் கையெழுத்தையும் இவரே போட்டார். அதில் வெட்கம்கூட இல்லாமல் போயிருந்தது. நேற்று நாலு இருபத்தைந்துக்குத் தூக்கக் கலக்கத்தில் தன் எண்ணை மட்டும் அழுத்தி, இருபத்து மூன்றை மறந்து வெளியே வந்துவிட்டார்.

அப்படியானால் சைரன் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை.

போன் அடித்தது. இன்ஜினியர்.

"அண்ணே, நாலு அம்பதுக்கு மெயின் லைனை நிறுத்தப் போறாங்க. பேட்டரி ரெடிதானே? மேல ஆறு பேர் மெஷின்லதான் மூச்சு விடுறாங்க."

"சின்னக் கோளாறு சார். நான் போன் பண்ற வரைக்கும் நிறுத்த விடாதீங்க."

"சீக்கிரம்ணே. உங்க வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போடுவேன்."

வெளியேறும் எண்ணை உள்ளே இருக்கும் பலகையில்தான் அழுத்த முடியும். மணி நாலு முப்பத்தேழு. அவர் பதினேழை அழுத்தினார். இன்னொரு எண்ணை இயந்திரம் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருப்பதாக அதன் கணக்கு. கதவு திறந்தது.

அமில நெடி தொண்டையைக் கரகரக்க வைக்க, காற்றாடிகளின் ஒரே சீரான இரைச்சல் காதை அடைக்க, இரும்பு அடுக்குகளின் நிழல்கள் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடக்க, வலிக்கும் முழங்காலை இழுத்துக்கொண்டு அவர் கடைசிச் சுவர்வரை நடந்தார். ஒவ்வொரு சந்திலும் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. பயந்து சாகிற வயதா இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நாலு நாற்பது. பச்சைப் பொத்தான் மினுங்கியது.

அவர் கை அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பொத்தான் தானாக அமுங்கியது. மெல்ல எழுந்தது.

திரையில் புது வரி. 23 நலம்.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். ஓடியிருப்பார். ஆனால் மேலே ஆறு பேர். பலகையில் இரண்டு, மூன்று என்று அழுத்தினார்.

கதவு திறந்தது. ஏதோ அவர் தோளை உரசிக்கொண்டு போனது. குளிர்ந்திருந்தது. கதவு மூடியது.

திரையைப் பார்த்தார்.

17 வெளியே.

23 உள்ளே.

பதினேழை அழுத்தினார். ஏற்கெனவே வெளியே, என்றது. மறுபடி அழுத்தினார். ஏற்கெனவே வெளியே. இருபத்து மூன்றை அழுத்தினார். அவசர அவசரமாக இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினார். கதவு அசையவில்லை. அதன் சின்னக் கண்ணாடிக்கு ஓடி முகத்தை வைத்துப் பார்த்தார்.

அவருடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய சட்டை. அவருடைய வழுக்கை. முதுகு மட்டும் தெரிந்தது. பதிவேட்டில் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தது. ஒரு கையெழுத்து. அடியில் இன்னொன்று.

பிறகு போனை எடுத்தது.

"சரி பண்ணிட்டேன் சார்." கதவிடுக்கு வழியே கேட்டது அவருடைய குரலேதான். அதே அலுப்பு. "நிறுத்தச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தார். கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அது திரும்பவில்லை.

நாலு ஐம்பது. விளக்குகள் அணைந்தன. காற்றாடிகள் நின்றன. பேட்டரிகள் எழவில்லை. தலைக்கு மேலே, தளத்துக்கு அப்பால், யாரோ ஓடுகிற காலடிகள்; பிறகு பலர்.

இருட்டில் பச்சைப் பொத்தான் மட்டும் மினுங்கி மினுங்கி அவரைக் கூப்பிட்டது.