காயாத படம்

மூன்றாம் நாளும் அந்தப் படம் காயவில்லை.

டெல்சி ஆள்காட்டி விரலின் நுனியால் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தாள். பசை போல ஒட்டவில்லை. அது வேறு மாதிரி ஈரம். மழை நாளில் கிணற்றடிக் கல்லைத் தொட்டால் விரலில் ஏறுமே, அப்படி ஒரு குளிர்ந்த ஈரம். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நிறம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. வெறும் தண்ணீர்.

ஃபோட்டோ பேப்பரில் மை காயாமல் இருக்க வழியே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். சாதாரணத் தாளில் மை நாருக்குள் இறங்கிப் பரவிவிடும். ஃபோட்டோ பேப்பரின் மேலே கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு ஒரு பூச்சு உண்டு. பிரிண்டர் தெளிக்கிற ஒவ்வொரு பொட்டு மையையும் விழுந்த இடத்திலேயே அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் படம் வெளியே வந்த இரண்டு நிமிடத்தில் கையில் எடுக்க முடிகிறது. கடியப்பட்டணத்தில், ஆடிக் காற்று உப்பையும் சாரலையும் சன்னல் வழியாக வாரிக்கொட்டும் நாட்களில், அரைமணி நேரம் கூடும். ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று நாள் ஆகாது. தாளைப் பின்பக்கம் மாற்றி வைத்துவிட்டோமோ என்று புரட்டிப் பார்த்தாள். இல்லை, சரியான பக்கம்தான்.

பிரிண்டர் அவள் புருஷன் ஜெஃப்ரின் வாங்கித் தந்தது. கல்ஃபில் மீன்பிடிப் படகில் வேலை. 2009 விடுப்பில் வந்தபோது மார்த்தாண்டத்தில் வாங்கி, அட்டைப்பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தான். டெல்சி கல்யாணத்துக்கு முன்னால் டி.டி.பி. படித்தவள், கம்ப்யூட்டர் அவள் சீர்வரிசையோடு வந்தது. அவன் அங்கிருந்து ஈமெயிலில் அனுப்புகிற படங்களில் ஒன்றை மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், ஆறுக்கு நாலு அளவில் எடுத்து அவன் அம்மை குளோரியிடம் கொடுக்க வேண்டும். அது அவன் வைத்த ஏற்பாடு.

“ஃபோன்ல என் குரலைக் கேட்டா அம்மை அழுவா. படத்தைப் பாத்தா ஏசுவா. ஏசட்டும், ஆயுசு கூடும்” என்றான்.

சொன்னபடியே குளோரி ஏசினாள். தாடி வளர்த்ததற்கு, மெலிந்ததற்கு, கறுத்ததற்கு, சட்டைப் பித்தான் போடாததற்கு. ஏசி முடித்ததும் படத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் அந்தப் படகு காற்றில் கவிழ்ந்தது. ஐந்து பேரில் நான்கு பேரை வேறொரு படகு தூக்கிக் கரை சேர்த்தது. ஜெஃப்ரின் மட்டும் கிடைக்கவில்லை. ஃபோன் குளோரியின் தம்பி ததேயுஸுக்குத்தான் வந்தது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டு குளோரி வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பத்து நாள். அடுக்களைக்குப் பின்னால், தென்னைமூட்டில் நின்று, சத்தம் வராமல் டெல்சி அழுதாள். வாயில் துணியைத் திணித்துக்கொண்டு ததேயுஸும் அழுதார். குளோரியிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. ஆழ்கடலில் டவர் கிடைக்காது, அதனால் அவன் ஃபோன் வராது என்று டெல்சி மாமியிடம் சொன்னாள். பார்க்க வந்தவர்களும் வாசலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அந்தப் பொய்யை ஊரே சேர்ந்து சுமந்தது.

அவன் அனுப்பி, இன்னும் பிரிண்ட் எடுக்காத நாற்பது படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. மார்ச் முதல் ஞாயிறு டெல்சி அதில் ஒன்றை எடுத்து, புதிதாக வந்தது என்று சொல்லி மாமியிடம் கொடுத்தாள். மாமிக்காகத்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஏப்ரல் வந்தபோது, மாமியை விட அவள்தான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். பிரிண்டரின் தலை இடமும் வலமுமாக ஓடுகிற அந்த மூன்று நிமிடமும் அவன் வந்துகொண்டிருக்கிறான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாளாகக் காயாமல் கிடப்பது ஜூலை மாதப் படம். பொறுமை இழந்து குளோரி அதை ஈரத்தோடே வாங்கி, பார்வை தெளிவாக இருக்கிற வலது கண்ணருகில் பிடித்தாள். இந்தத் தடவை ஏசவில்லை.

“ஏட்டி, இவன் முடி நெத்தியில ஒட்டிக் கெடக்கே. குளிச்சிட்டு நேரா வந்து நிக்கானோ?”

டெல்சி எட்டிப் பார்த்தாள். படகுத்துறையில் நிற்கிற படம். முடி நனைந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து அதே படத்தைப் பார்த்தாள். திரையில் முடி காய்ந்து காற்றில் பறந்துகொண்டிருந்தது.

எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவள் அவள். பிரிண்டரின் தலையில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. மின்சாரம் ஒரு கணம் தொட்டதும் துளைக்குள் மை கொதித்து ஒரு குமிழ் எழும்பும்; அந்தக் குமிழ் தள்ளுகிற வேகத்தில் ஒரு துளி தெறித்து வெளியே விழும். நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நாலே நிறம். மனுஷ முகம், மாங்காய், கடல், எல்லாம் இந்த நாலின் கலப்புதான். ஒரு துளை அடைத்துக்கொண்டால் நிறம் கெடும், கோடு விழும். அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு சோதனைத் தாள் உண்டு. எடுத்தாள். நாலு நிறத்திலும் கோடுகள் ஏணிப்படி போல, ஓரிடத்திலும் அறாமல் வந்தன. இருந்தாலும் தலையைச் சுத்தம் செய்யச் சொல்லி பிரிண்டருக்குக் கட்டளை கொடுத்தாள். உள்ளே எதையோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே படத்தை மறுபடி எடுத்தாள்.

இப்போது முடி மட்டுமல்ல. சட்டையும் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

மெஜந்தா குறைந்தால் நீலம் ஓங்கும். உதடு நீலமாவதற்கு அது ஒரு காரணம்தான். ஆனால் அவன் தோளுக்குப் பக்கத்திலேயே, கம்பத்தில், ஒரு சிவப்பு மிதவை தொங்கியது. மெஜந்தா குறைந்திருந்தால் அதுவும் வெளுத்திருக்க வேண்டும். மிதவை ரத்தச் சிவப்பாக, சரியாக இருந்தது.

மாமி மருந்து குடித்துத் தூங்கியதும் டெல்சி ஜெபப் புத்தகத்தை எடுத்தாள். அது கனத்தது. பக்கங்கள் ஈரத்தில் உப்பி, அப்பம் போலப் பருத்திருந்தன. ஜனவரிப் படத்தில் ஜெஃப்ரின் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். காய்ந்த படம், காய்ந்த மனுஷன். மார்ச்சில் நெற்றியில் இரண்டு சொட்டு. வேர்வை என்று சொல்லலாம். ஏப்ரலில் கழுத்து வரை. மே மாதப் படத்தைத் தூக்கியபோது அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் முழங்கையில் வழிந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

வெள்ளிக்கிழமை ததேயுஸ் வந்தார். மாமியிடம் அரைமணி நேரம் மீன் விலையும் மழையும் பேசிவிட்டுப் பின்பக்கமாக வந்து நின்றார். ஃபாதர் இரண்டு தடவை கேட்டுவிட்டாராம். இந்தக் கரையில், கடல் திருப்பித் தராதவர்களுக்கும் பெட்டி உண்டு. உடுப்பையும் ஒரு படத்தையும் அதற்குள் வைத்து, மணியடித்து, கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களைப் போலவே அடக்கம் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயருக்கு மரித்தோர் பூசை. ஐந்து மாதமாக ஜெஃப்ரினுக்கு அது நடக்கவில்லை. படம் வேண்டும், பெரிய படம், உன்னிடம்தானே மெஷின் இருக்கிறது என்றார்.

மாமிக்கு நெஞ்சு தாங்காது என்றாள் டெல்சி.

“அக்காளுக்கா, உனக்கா?”

ததேயுஸ் தென்னைமூட்டைக் காலால் நோண்டினார்.

“கோவப்படாத மக்கா. மாசத்துக்கு ஒருக்கா நீ அவனைப் பெத்துப் போடுத. அவன் எப்பம் போவான்?”

பிள்ளையில்லாத அவளிடம் அந்த வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருக்க மாட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஃபாதரும் ஒரு நர்ஸும் வந்து மாமியிடம் சொல்வதென்றும், திங்கட்கிழமை அடக்கம் என்றும் ஆனது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே வீடு இருட்டிவிட்டது. மழை ஓட்டின் மேல் ஒரே சீராக, மூச்சு விடாமல் பெய்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் மாமி தூங்கினாள். ஏ-ஃபோர் தாளை வைத்து, டெல்சி அவனுடைய கடைசி விடுப்பில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தாள். இதே வீட்டு முன்வாசல். நீலச் சுவர், சன்னல், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு அவன். திரையில் அவனை ஒரு தடவை தொட்டாள். இதுதான் நான் எடுக்கிற கடைசிப் படம், போயிட்டு வா என்று சொல்ல வாயெடுத்து, ‘வா’ என்ற சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

பெரிய படம் ஏழு நிமிடம் எடுக்கும். பிரிண்டர் படத்தை மொத்தமாகப் போடுவதில்லை. மேலிருந்து ஒரு கீற்று, தாள் ஒரு நூல் நகரும், அடுத்த கீற்று. ஸ்ரக், ஸ்ரக் என்று தலை போய் வர, படம் நெற்றியிலிருந்து கால் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பிறக்கும். முதலில் ஓட்டின் விளிம்பு வந்தது. பிறகு நீலச் சுவர், அதில் மழை வடிந்த கறை. சன்னலின் மேல் கம்பி. இரண்டாவது கம்பி. மூன்றாவது கம்பிக்கு நேராக அவன் தலைமுடி தொடங்க வேண்டும்.

சுவர் வந்தது.

இன்னும் ஒரு கீற்று. சுவர். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சுவர். கண் இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக, அமைதியாக, சுவர். பிறகு நாற்காலியின் முதுகு, யாரும் மறைக்காமல் முழுதாக வந்தது. டெல்சி திரையைப் பார்த்தாள். திரையில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தாளைப் பார்த்தாள். நாற்காலியின் கை. இன்னொரு கை. இருக்கையில் தேங்கிய தண்ணீர்.

நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். கை எழவில்லை.

ஸ்ரக். நாற்காலியின் கால்கள். ஸ்ரக். சிமெண்டுத் தரை. தரையில் ஈரக் காலடி ஒன்று. பிறகு இன்னொன்று. இடது பக்கமாகப் போயின. படத்தின் இடது பக்கம் வாசல்கதவு.

பிரிண்டர் தாளைத் தள்ளிவிட்டு நின்றது.

மழைச் சத்தத்துக்கு உள்ளே வேறொரு சத்தம். சொட்டு. சொட்டு. வெளியே அல்ல. மண்ணெண்ணெயும் பாசியும் கலந்த படகு வாடை நடையில் நிறைந்தது. பக்கத்து அறையில் கட்டில் ஒரு தடவை முனகியது. பாரம் ஏறினால் முனகுகிற முனகல்.

“வந்தியா மக்கா?”

மாமியின் குரல். தூக்கக் குரல் அல்ல. டெல்சி எழுந்தாள். நான்கு எட்டு. கதவுத் திரையை விலக்கினாள்.

குளோரி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளருகில், கதவுக்கு முதுகு காட்டி, வெள்ளைச் சட்டை. முதுகோடு ஒட்டிய சட்டை. அவனிடமிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் நாலு ஓடையாக ஓடியது. ஒன்று நீலம். ஒன்று சிவப்பு. ஒன்று மஞ்சள். ஒன்று கறுப்பு.

மாமி தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு மெலிந்துவிட்டாய், எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறாய் என்று ஏசிக்கொண்டே துவட்டினாள். நெற்றிக்கு வந்தாள். கன்னத்துக்கு வந்தாள். இத்தனை மாத ஏக்கத்தையும் கையில் வைத்து அழுத்தித் துடைத்தாள்.

அவன் மெல்லத் திரும்பினான்.

ஜெஃப்ரின்தான். பாதி. வலது கண், வலது புருவம், சிரிக்கிற உதட்டின் வலது ஓரம். இடது பாதி மாமியின் முந்தானையில் பழுப்பும் சிவப்புமாக இழுபட்டுக் கிடந்தது. அது இருந்த இடம் வெள்ளை. பிரிண்டரில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் அது மை விடுவதில்லை. அங்கே தெரிவது வெறும் தாள். இதுவும் அந்த வெள்ளைதான். கண்குழி இல்லாத, ஒரு மேடு பள்ளமும் இல்லாத வெள்ளை.

ஓட வேண்டும் என்று டெல்சிக்குத் தோன்றவில்லை. மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கண் அவளை அடையாளம் கண்டுகொண்டது. விடுப்பில் வந்து வாசலில் பெட்டியை இறக்கியதும் அவளை எப்படிப் பார்ப்பானோ, அப்படியே பார்த்தது.

“மாமி,” என்றாள். “மாமி, தொடைக்காதீங்க. மாமி.”

குளோரி முந்தானையில் காய்ந்த இடமாகத் தேடிப் பிடித்து, விரலில் சுற்றிக்கொண்டு, அந்தக் கண்ணருகே கொண்டுபோனாள்.